காற்று எழும் முன்: அந்தால்யா முதல் ஓலுதெனிஸ் வரை

நாள் 1: அந்தால்யா

துருக்கியின் தென்மேற்கில், அந்தால்யா வளைகுடாவுக்கும் ஃபெத்தியே வளைகுடாவுக்கும் நடுவே மத்தியதரைக் கடலுக்குள் புடைத்து நிற்கும் நிலத்துக்குப் பழைய பெயர் லிசியா. டாரஸ் மலைகள் இங்கே சமவெளி என்று அதிகம் விட்டுவைக்காமல் நேராகக் கடலில் இறங்குகின்றன. அந்தால்யாவிலிருந்து ஃபெத்தியேவுக்கு மலைக்கு உள்பக்கச் சாலையில் போனால் சுமார் 200 கி.மீ.தான். கடலை ஒட்டிய டி-400 சாலையில் போனால் 300 கி.மீ.யை நெருங்கும். பார்க்க வேண்டியவை எல்லாம் இரண்டாவது சாலையில் இருக்கின்றன.

இந்தக் கரையில் திட்டம் போடும்போது கிலோமீட்டரைவிடக் கடிகாரத்தைத்தான் பார்க்க வேண்டும். ஜூனில் காலைக் கடல் தட்டையாகக் கிடக்கும். மதியத்துக்கு மேல் காற்று எழும்பி அலை புரளும். மலை உச்சியை மதியத்தில் மேகம் மூடும். நிழலே இல்லாத இடிபாடுகள் பதினொரு மணிக்கு மேல் அடுப்பு. சில கடற்கரைகளை ஆமைகளுக்காக இரவில் மூடிவிடுவார்கள். வரிசை தவறினால் பாதி இடங்களில் வெறும் நுழைவுச்சீட்டுதான் மிஞ்சும்.

முதலில் விசா. இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களிடம் செல்லுபடியாகும் ஷெங்கன், அமெரிக்க, பிரிட்டிஷ் அல்லது அயர்லாந்து விசாவோ குடியிருப்பு அனுமதியோ இருந்தால் இ-விசா கிடைக்கும். இல்லையென்றால் தூதரக வழியாக ஸ்டிக்கர் விசா. அந்த இ-விசா ஒருமுறை நுழைவுக்கு மட்டுமே, 30 நாள். ‘ஒருமுறை’ என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காஷ் ஊரில் இதற்கு வேலை இருக்கிறது.

விமான நிலையத்திலிருந்து ட்ராம் இருக்கிறது. பழைய நகரான கலேயிச்சிக்கு இஸ்மெத்பாஷா நிறுத்தத்தில் இறங்கி நடந்துவிடலாம். வங்கி அட்டையையே கருவியில் தட்டிக் கட்டணம் செலுத்தலாம். வண்டி அடிக்கடி வராது என்பதுதான் குறை. ரோமப் பேரரசர் ஹாட்ரியன் கி.பி. 130-இல் வந்ததையொட்டி அவருக்காக எழுப்பிய மூன்று வளைவு வாசல், 13-ஆம் நூற்றாண்டின் செல்ஜுக் கால யிவ்லி மினாரே, பழைய துறைமுகம் மூன்றும் ஒரே நடையில் முடியும். வாசலின் அடியில் கண்ணாடித் தளத்துக்குக் கீழே வண்டிச் சக்கரங்கள் தேய்த்த பள்ளங்களைப் பார்க்காமல் தாண்டிவிடுபவர்களே அதிகம்.

கீழ் தூதேன் அருவி சுமார் 40 மீட்டர் உயரத்திலிருந்து நேராகக் கடலில் விழுகிறது. மேலே உள்ள பூங்காவிலிருந்து பார்த்தால் ஆறு விளிம்பில் மறைவதுதான் தெரியும். முழு வீழ்ச்சியையும் பார்க்கப் படகு வேண்டும். காலைப் படகில் ஏறுங்கள். மாலையில் அந்தப் பாறைச் சுவரை ஒட்டி அலை எதிரடித்து, படகு தொட்டிலாகிவிடும்.

நாள் 2: தஹ்தாலி, ஃபசேலிஸ்

நாளின் முதல் வேலை தஹ்தாலி மலை. உயரம் 2,365 மீட்டர். கேபிள் காரின் தடம் 4,350 மீட்டர் நீளம். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் உச்சி. கடற்கரையிலிருந்து இவ்வளவு பக்கத்தில் இந்த உயரம் என்பதுதான் இதன் சிறப்பு, அதுவேதான் சிக்கலும்கூட. கடலிலிருந்து எழும் ஈரக்காற்று சரிவில் ஏறக் குளிர்ந்து, மதியத்துக்குள் மேகமாகிவிடும். கீழே வானம் பளிச்சென்று இருக்க, மேலே வெள்ளைச் சுவர். சீட்டு வாங்குமுன் கீழ் நிலையத்தில் உச்சியின் கேமராப் படத்தைக் கேட்டுப் பாருங்கள். கீழே 30 டிகிரி என்றாலும் மேலே குளிர்காற்று அறையும், ஒரு முழுக்கைச் சட்டை போதாது. காற்று கூடினால் வண்டியையே நிறுத்திவிடுவார்கள்.

நெடுஞ்சாலையிலிருந்து கீழ் நிலையம் சுமார் 7 கி.மீ. உள்ளே. டோல்முஷ் எனப்படும் பகிர்வு வேன்கள் நெடுஞ்சாலைச் சந்திப்பில் இறக்கிவிட்டுப் போய்விடும். பயணம் முழுக்கக் கார் வேண்டாம் என்பவர்களும் இந்த ஒரு நாளுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

இறங்கி வந்தபின் ஃபசேலிஸ். இங்கே வெயிலுக்கு அஞ்ச வேண்டாம். பைன் மரங்கள் தெருவரை இறங்கி நிற்கின்றன. கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவுக்காரர்கள் கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் அமைத்ததாகச் சொல்லப்படும் ஊர். ஒரே ஊருக்கு மூன்று துறைமுகங்கள். காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பக்கமாவது கப்பல் ஒதுங்கலாம். அதே கணக்கு இன்று நீந்துகிறவர்களுக்கும் உதவும்: தெற்குத் துறையில் அலை இருந்தால், கல்பாவிய பெருந்தெருவில் சில நிமிடம் நடந்து நடுத்துறைக்குப் போனால் நீர் அசையாமல் இருக்கும். நடுத்துறையில் நீருக்கடியில் பழைய கற்கட்டு உண்டு. ரப்பர் செருப்பு இல்லாமல் இறங்கினால் கடல் முள்ளெலி காலைப் பதம் பார்க்கும்.

நாள் 3: சிராலி, ஒலிம்போஸ், யனார்தாஷ்

சிராலியும் டி-400-இல் இல்லை. சந்திப்பில் இறங்கி 7 கி.மீ. வளைந்து கீழே போக வேண்டும். வேன்கள் ஆள் சேர்ந்தால்தான் கிளம்பும்.

சுமார் 3 கி.மீ. நீளக் கூழாங்கல் கரை இது. லாகர்ஹெட் ஆமைகள், அதாவது நம்மூரில் பெருந்தலை ஆமை என்பவை, மே முதல் இங்கே முட்டையிடுகின்றன. குஞ்சு வெளிவர ஏறக்குறைய இரண்டு மாதம். கரையின் மேல்பகுதியில் குடைக் கம்பியைக் குத்த வேண்டாம் என்று எழுதி வைத்திருப்பதற்குக் காரணம், கம்பி நேரே முட்டைக் குழிக்குள் இறங்கிவிடும். நீரை ஒட்டிய ஈரப் பகுதியில் விரித்துக்கொள்ளலாம். இரவில் டார்ச், செல்பேசி வெளிச்சம் எதுவும் கரையில் கூடாது. குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் ஊர்ந்து போகும். கடல் வெளிச்சத்தைவிட உணவகத்து விளக்கு பிரகாசமாக இருந்தால் அவ்வளவுதான்.

கரையின் தென்கோடியில் ஒலிம்போஸ். காட்டுக்குள் புதைந்த ஊர், நடுவில் ஓடை. கி.மு. 1-ஆம் நூற்றாண்டில் செனிகெத்தஸ் என்ற கடற்கொள்ளைத் தலைவனின் கோட்டையாக இருந்து, ரோமானியப் படைகளிடம் வீழ்ந்தது. ஓடை கடலில் சேரும் இடத்தருகே யூதெமோஸ் என்ற மாலுமியின் கல்சவப்பெட்டி இருக்கிறது. அதில் செதுக்கிய கப்பலை நின்று பாருங்கள். காலை ஒன்பதுக்குள் போனால் ஓடைக்கரைப் பாதை முழுவதும் நிழல்.

பகல் முழுக்கக் கடலில் கிடந்துவிட்டு, இரவுக்கு யனார்தாஷ். மலைச்சரிவில் பாறை இடுக்குகளிலிருந்து குறைந்தது 2,500 ஆண்டுகளாகத் தீ எரிகிறது. வெளிவருவது பெரும்பாலும் மீத்தேன். வழக்கமான எண்ணெய் வயல் வாயுவைப் போல மக்கிய உயிர்ப்பொருளிலிருந்து மட்டும் வந்ததல்ல. இங்குள்ள பாறை, பழைய கடலடித்தளம் மேலெழுந்து உண்டானது. அது நீருடன் வினைபுரிந்து ஹைட்ரஜன் உண்டாகிறது. பாறையிலுள்ள ருத்தேனியம் கிரியாவூக்கியாக நின்று, அந்த ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் அதிக வெப்பமில்லாமலேயே மீத்தேனாக்குகிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். கிரேக்கர்கள் இதற்குத் தீ கக்கும் கிமேரா என்ற அசுர விலங்கின் பெயர் வைத்துக் கதை கட்டினார்கள். அடியிலேயே கொல்லர் தெய்வமான ஹெஃபைஸ்தோஸின் கோயில் இடிபாடும் இருக்கிறது.

சீட்டுக் கூண்டிலிருந்து மேலே ஏறுவழி சுமார் ஒரு கி.மீ.; படிகள் ஒரே உயரத்தில் இருக்காது. மெதுவாக ஏறினால் அரை மணி நேரம். பகலில் போனால் தீ கண்ணுக்கே சரியாகத் தெரியாது. ஜூனில் சூரியன் எட்டேகாலை ஒட்டி மறைகிறது, எட்டு மணிக்கு ஏறத் தொடங்கினால் கணக்குச் சரி. வழியில் விளக்கு கிடையாது. ஆளுக்கொரு டார்ச் வேண்டும், ஒன்றைப் பகிர்ந்தால் இறங்கும்போது பின்னால் வருபவருக்குப் படி தெரியாது. மேலே சிலர் இனிப்பு மிட்டாயைக் குச்சியில் குத்தி வாட்டுகிறார்கள். உருகிய சர்க்கரையும் பிளாஸ்டிக்கும் பாறை வாயில் ஒட்டிக் கிடப்பதைப் பார்த்தபின் யாருக்கும் அது வேடிக்கையாக இராது.

நாள் 4: தெம்ரே

ஃபினிக்கேயிலிருந்து தெம்ரே வரை சாலை பாறையில் செதுக்கிய வளைவுகளாகவே போகிறது. தலைசுற்றல் உள்ளவர்கள் வேனில் முன் இருக்கை கேட்டு வாங்குங்கள். ஊருக்குள் நுழைந்தால் கண்ணுக்கெட்டியவரை தக்காளிப் பசுமைக்குடில்களின் பிளாஸ்டிக் கூரை. ‘இதற்கா வந்தோம்’ என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தில், ரோமுக்குக் கைதியாகப் போகும் பவுலை அலெக்சாந்திரியாக் கப்பலுக்கு மாற்றுவார்களே, அந்த மீறாப் பட்டணம் இதுதான். எகிப்துத் தானியம் ரோமுக்குப் போகும் வழியில் கப்பல்கள் இந்தக் கரையைத் தொட்டன. துறைமுகமான ஆந்திரியாக்கேயில் ஹாட்ரியன் காலத் தானியக் கிடங்கு இன்னும் சுவரோடு நிற்கிறது. 2016 முதல் அதற்குள் லிசிய நாகரிக அருங்காட்சியகம்.

வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். திறந்தவுடன் மீறாவின் பாறைக் கல்லறைகள்: செங்குத்துப் பாறையில் வீட்டு முகப்புப் போலக் குடைந்தவை. உத்திரமும் வரிச்சும்கூட மர வேலையைப் போலவே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் ரோமானிய அரங்கம். இரண்டுமே திறந்தவெளி, பத்தரைக்குள் முடித்துவிட வேண்டும். வெயில் ஏறியதும் கூரையுள்ள புனித நிக்கோலஸ் தேவாலயம். 4-ஆம் நூற்றாண்டில் இவ்வூர் ஆயராக இருந்த நிக்கோலஸ்தான் பின்னாளில் கிறிஸ்துமஸ் தாத்தா ஆனவர். எலும்புகளை 1087-இல் இத்தாலியின் பாரி நகர மாலுமிகள் எடுத்துப்போனார்கள். தேவாலயம் இன்றைய தெருவைவிடப் பல மீட்டர் தாழ்வில் இருக்கிறது. ஆற்று வண்டல் ஊரையே மூடிவிட்டது. ரஷ்யக் குழுப் பேருந்துகள் பதினொன்றுக்கு மேல் குவியும், ஆனாலும் வெயிலில் நிற்பதைவிட அது பரவாயில்லை.

சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பருப்பு சூப்பான மெர்ஜிமெக் சோர்பாஸி எங்கும் கிடைக்கும், ஆனால் சில கடைகளில் இறைச்சிச் சாறு சேர்ப்பார்கள். ‘எத் சுயு வார் மி?’ என்று கேட்டுவிடுங்கள், சாறு இருந்தால் ‘வார்’ என்பார்கள். கீரையோ பாலாடைக்கட்டியோ வைத்துக் கல்லில் சுடும் கோஸ்லெமே பாதுகாப்பானது. கூடவே ஆய்ரான், நம் மோர்தான், உப்புத் தூக்கலாக.

இரவு தங்கல் தெம்ரேயில் வேண்டாம், உச்சாஸ் கிராமத்துக்குப் போய்விடுங்கள்.

நாள் 5: கெகோவா

கெகோவாவுக்குத் தெம்ரேயின் துறையிலிருந்தும் படகு உண்டு. ஆனால் அது திறந்த கடலைக் கடந்துதான் உள்ளே வர வேண்டும். உச்சாஸிலிருந்து கிளம்பினால் எதிரே நீளமாகக் கிடக்கும் கெகோவாத் தீவே அலைதாங்கி. குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கும் குழுவுக்கு இதுதான் சரி.

தீவின் வடகரையில் நிலநடுக்கத்தில் சரிந்த ஊர். படிக்கட்டுகள் நீருக்குள் இறங்குகின்றன, வீட்டுச் சுவர்கள் பாதி வெளியே, பாதி உள்ளே. 1990 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி. இடிபாட்டின் மேல் நீந்துவதும் மூழ்குவதும் தடை. ‘மூழ்கிய நகரில் நீச்சல்’ என்று விளம்பரம் செய்யும் படகு உங்களை வேறொரு குடாவில்தான் இறக்கும். கண்ணாடித் தரைப் படகு என்றும் விற்பார்கள். கண்ணாடி கீறல் விழுந்து மங்கியிருந்தால் ஒன்றும் தெரியாது, ஏறுமுன் எட்டிப் பாருங்கள். நிதானமாகப் பார்க்கக் கயாக்கே மேல். ஓரத்தில் வெகு அருகே மிதந்து போகலாம், இறங்கத்தான் கூடாது. எட்டு மணிக்குத் துடுப்புப் போட்டால் நீர் கண்ணாடி. பதினொன்றுக்கு மேல் திரும்பும் வழியில் எதிர்காற்று.

எதிர்க்கரையில் கலேக்கோய், பழைய சிமெனா. கார் வராது, படகில் வர வேண்டும் அல்லது நடந்து வர வேண்டும். மேலே கோட்டைக்குள் பாறையில் ஏழு வரிசை மட்டும் வெட்டிய குட்டி அரங்கம். கீழே கடலில் ஒற்றைக் கல்சவப்பெட்டி நிற்கிறது. எல்லா அஞ்சலட்டையிலும் இருப்பது அதுதான். வீட்டுத் தயாரிப்பு ஐஸ்கிரீமுக்கு இவ்வூருக்கு நல்ல பெயர்.

நாள் 6: காஷ்

இங்கே கரை பாறை. மணல் தேடி வருபவர்களுக்கு ஏமாற்றம். மூழ்குநர்களுக்கு மட்டும் சொர்க்கம். கடல்பஞ்சு எடுக்கும் ஒருவர் 1982-இல் அருகிலுள்ள உலுபுருன் முனையில் கண்ட கப்பல் கி.மு. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. சுமார் 10 டன் செம்பும் ஒரு டன் தகரமும் அதில் இருந்தன. சரக்கு இப்போது போத்ரும் அருங்காட்சியகத்தில். அதே மாதிரியில் கட்டிய ஒரு கப்பலைக் காஷ் கடலில் மூழ்கடித்து வைத்திருக்கிறார்கள், மூழ்குதல் சான்றிதழ் உள்ளவர்கள் போய்ப் பார்க்கலாம்.

எதிரே தெரியும் மெயிஸ் தீவு கிரேக்கத்துக்குச் சொந்தம். படகில் அரை மணிகூட ஆகாது. ஆசை வரும். முதல் நாள் சொன்ன விசா இங்கேதான் கடிக்கும்: அங்கே இறங்க ஷெங்கன் விசா வேண்டும், ஒருமுறை நுழைவு இ-விசாவோடு போனால் துருக்கிக்குத் திரும்ப இன்னொரு விசா வேண்டும். துருக்கிக் குடிமக்களுக்குத் தீவிலேயே தரும் விரைவு விசா இந்தியர்களுக்குக் கிடையாது. கரையிலிருந்தே பார்த்துக்கொள்வோம்.

மேற்கே 20 கி.மீ.யில் கபுத்தாஷ். சாலையிலிருந்து இருநூறை ஒட்டிய படிகள் கீழே. பாறைப் பிளவின் வாயில் கிடக்கும் சிறு கடற்கரை. இரண்டடி வைத்ததும் ஆழம். அலை உள்ள நாளில் வெளியே ஏறும்போதுதான் ஆட்கள் உருள்வார்கள். அலை பின்வாங்கும்வரை காத்திருந்து, அடுத்தது வருமுன் ஓடி ஏறுங்கள். ஒன்பதுக்குப் பிறகு வண்டி நிறுத்த இடமில்லை, காஷ்–கல்கான் வேனில் வருவதே நிம்மதி. இறங்கும் இடத்துக்கு முன் ‘இனெஜெக் வார்’ என்று குரல் கொடுக்க வேண்டும்.

நாள் 7: சாந்தோஸ், லெத்தோன், பத்தாரா

பழமை பார்க்க வந்தவர்களுக்கு இந்தப் பயணத்தின் நெஞ்சு இதுதான். சாந்தோஸும் லெத்தோனும் 1988 முதல் யுனெஸ்கோ பட்டியலில். சாந்தோஸுக்குக் காலை. நிழல் மருந்துக்கும் இல்லை. பாரசீகரிடமும், பின்னர் கி.மு. 42-இல் புரூட்டஸிடமும் சரணடைவதைவிடச் சாவதே மேல் என்று முடிவெடுத்த ஊர். அரங்கத்தை ஒட்டி உயரத் தூண்மேல் நிற்கும் ஹார்ப்பி கல்லறையின் சிற்பங்கள் வார்ப்புப் பிரதிகள். அசல் லண்டனில். நெரெய்டு நினைவுச்சின்னம் முழுவதுமே 1840-களில் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்விட்டது, இங்கே இருப்பது அடிப்பீடம்தான்.

லெத்தோன் சில கி.மீ. தள்ளி, தாழ்நிலத்தில். கிரேக்கத் தெய்வங்களான லேத்தோ, ஆர்டெமிஸ், அப்பல்லோ மூவருக்கும் அடுத்தடுத்துக் கோயில்கள். நிலத்தடி நீர் மேலேறி இடிபாட்டுக்குள் குளமாக நிற்கிறது. தண்ணீர் தராத ஆட்டிடையர்களை லேத்தோ தவளையாக்கினாள் என்பது கதை; தவளைகள் இன்றும் கத்துகின்றன. கொசு விரட்டி தடவிக்கொள்ளுங்கள்.

மூன்றரைக்கு மேல் பத்தாரா. லிசியக் கூட்டமைப்பின் அவை கூடிய மண்டபம் இங்கே, 2012-இல் சீரமைத்து முடித்தது. 23 ஊர்கள் சேர்ந்த அந்தக் கூட்டமைப்பில் பெரிய ஊருக்கு மூன்று வாக்கு, நடுத்தர ஊருக்கு இரண்டு, சிறியதற்கு ஒன்று என்று பழங்காலப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். அமெரிக்க அரசியல் சாசன விவாதத்தில் ஹாமில்டன் எடுத்துக்காட்டியது இதைத்தான். மூன்று வாக்கு ஊர்கள் ஆறு: சாந்தோஸ், பத்தாரா, மீறா, ஒலிம்போஸ், த்லோஸ், பினாரா. இந்தப் பாதையில் வருபவர்கள் அறியாமலே நான்கைப் பார்த்துவிட்டார்கள். மண்டபத்தின் கல்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு மூலையில் மெல்லப் பேசினாலும் எதிர்மூலைக்குக் கேட்கிறது. நீரோ காலக் கலங்கரை விளக்கமும் இங்கே உண்டு. துறைமுகம் மணல் மூடி நாணல் காடாகிவிட்டதால் அது கடலை விட்டுத் தள்ளி நிற்கிறது.

கடற்கரைக்கு வழி இடிபாட்டுச் சீட்டுக் கூண்டின் ஊடாகத்தான். கரை பல கி.மீ. நீளம், மணல். மூன்று, நான்கு மணிக்கு மணலைக் கண்ணில் வாரி இறைக்கும் காற்று; ஐந்துக்கு மேல் பெரும்பாலும் தணியும். ஆமைக் காலத்தில் இரவு எட்டுக்குக் கரையை மூடி, காலை எட்டுக்குத் திறக்கிறார்கள். ஜூனில் சூரியன் மறைவது அதற்குப் பின்னர்தான், எனவே கரையில் அந்திக் காட்சி கிடையாது. மணற்குன்று மேலும் ஏறாமல் ஊருக்குத் திரும்பிவிடுங்கள்.

நுழைவுச்சீட்டு பற்றி: வெளிநாட்டவர் கட்டணம் பெரும்பாலும் யூரோவில், ஆண்டுதோறும் ஏறுகிறது. மத்தியதரைக்கடல் பகுதிக்கான 7 நாள் மியூசியம் பாஸை மீறாவிலோ ஒலிம்போஸிலோ தொடங்கினால் இந்த நாளின் சாந்தோஸும் பத்தாராவும் அதற்குள் அடங்கும். முதல் வாசலில் காட்டிய கணத்திலிருந்து நாள் ஓடும், ஒரு இடத்துக்கு ஒருமுறைதான்.

நாள் 8: சக்லிகெந்த், த்லோஸ்

சக்லிகெந்த், 18 கி.மீ. நீளமும் 300 மீட்டர் வரை ஆழமும் உள்ள மலைப்பிளவு. பாறையில் அடித்த மரப்பாலத்தில் உள்ளே போனால், ஊற்று நீர் பொங்கும் இடத்தில் ஆற்றைக் கடக்க வேண்டும். தொடையளவு, பனி உருகிய குளிர், நல்ல இழுப்பு. கயிற்றை இரு கையாலும் பிடித்து, கால்களை அகலமாக வைத்து, பக்கவாட்டில் நகருங்கள். அதைத் தாண்டிவிட்டால் சேற்று நீரில் சுலபமான நடை. வாடகைக்குத் தரும் ரப்பர் செருப்பு அளவு சரியில்லையென்றால் சுழித்துக் கழன்றுபோகும், வார் இறுகும் செருப்பை நீங்களே கொண்டுபோங்கள். தலைக்கவசத்தை மறுக்க வேண்டாம், மேலே ஆடு நடந்தால் கல் விழும். மலையில் இடி கேட்டால் உடனே வெளியே.

த்லோஸ் பக்கத்திலேயே. மாலை வெயிலில் கோட்டைக் குன்று மட்டும் ஏறினால் போதும்.

நாள் 9: ஓலுதெனிஸ், கயாக்கோய்

பாபாதாவ் மலை 1,969 மீட்டர். 2021 முதல் கேபிள் கார் இருப்பதால், ஜீப்பில் எலும்பு குலுங்க ஏறியது பழங்கதை. இருவர் சேர்ந்து பறக்கும் பாராகிளைடிங்குக்குக் காலை முதல் சுற்றையே கேளுங்கள். காற்று சீராக இருக்கும்; மதியத்தில் வெப்பக் காற்றோட்டம் தூக்கித் தூக்கிப் போட்டு வாந்தி வரவழைக்கும். பறத்தல் அரை மணி நேரம். ஓடும்போது ஓட்டுநர் ‘நட, ஓடு’ என்பார். அப்போது உட்கார்ந்துவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. கால் தரையை விட்டபின்தான் உட்கார வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீட்டில் இது அடங்காமல் போகலாம், படித்துப் பாருங்கள். காற்றால் ரத்தானால் மறுநாள் வாய்ப்புத் தருவார்கள், ஆகவே ஊர் திரும்பும் விமானத்துக்கு முன் ஒரு நாள் கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

படங்களில் பார்க்கும் அசையாத நீலம், கட்டணம் செலுத்தி நுழையும் உப்பங்கழி. வெளிப்பக்கம் உள்ள பெல்ஜேகிஸ் கரை இலவசம். ஆனால் கூழாங்கல், சட்டென ஆழம். சிறுவர்களுக்கு உப்பங்கழிதான். பட்டாம்பூச்சிப் பள்ளத்தாக்குக்குப் படகில் மட்டும் போங்கள். ஃபரால்யாவிலிருந்து இறங்கும் பாறைப் பாதை உயிர்களைக் காவு வாங்கியது.

மாலை ஐந்துக்குக் கயாக்கோய். 1923-இல் கிரேக்கமும் துருக்கியும் மக்களைப் பரிமாறிக்கொண்டபோது, இங்கிருந்த கிரேக்கக் கிறிஸ்தவர்கள் மொத்தமாக வெளியேறினார்கள். சரிவெங்கும் நூற்றுக்கணக்கான கூரையில்லா வீடுகள். ஒன்று அடுத்ததன் வெளிச்சத்தை மறைக்காதபடி படிப்படியாகக் கட்டியிருக்கிறார்கள். சுவர்கள் மேல் ஏற வேண்டாம், சுண்ணாம்புக் காரை உதிர்கிறது. மேல் தேவாலயத்துக்கு அப்பால் ஓலுதெனிஸுக்கு நடந்து போகும் பாதை இருக்கிறது, மூன்று மணி நேரம் பிடிக்கும். இருட்டுமுன் இறங்க வேண்டுமானால் இந்த நேரத்தில் தொடங்கக் கூடாது. ஃபெத்தியே வேன் பிடித்துத் திரும்புங்கள்.

ஃபெத்தியே பேருந்து நிலையத்திலிருந்து தலமான் விமான நிலையத்துக்குப் பேருந்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். உள்நாட்டு முனையத்திலும் பன்னாட்டு முனையத்திலும் தனித்தனியாக நிற்கும். எதில் இறங்க வேண்டும் என்பதை ஏறும்போதே ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள்.